இருபத்து மூன்றாம் நாள் தண்ணீர்

எட்டுச் சொட்டு விட வேண்டிய இடத்தில் ஒன்பது விழுந்துவிட்டதோ என்று வசந்தாமணிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆறு வரைக்கும் நன்றாகத்தான் எண்ணினாள். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் மனசு எங்கேயோ போய்விட்டு வந்தது. அதற்குள் ஒரு சொட்டு கூட விழுந்ததா, இல்லை விழுந்த சொட்டையே இரண்டு தடவை எண்ணினாளா தெரியவில்லை. பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் பதினேழு வருஷமாக உதவியாளர். பிள்ளைகள் அளவு தப்பி ஊற்றினால் குரலை உயர்த்தாமலே, கொட்டிக் கழுவிட்டு மறுபடி எடு சாமி என்பவள். இப்போது அதையே தனக்குச் சொல்லிக்கொண்டு சோதனைக்குழாயைக் கழுவி, மீன் தொட்டியிலிருந்து மறுபடி ஐந்து மில்லி தண்ணீர் எடுத்தாள். முதல் மருந்துப் புட்டியிலிருந்து எட்டு, இரண்டாம் புட்டியிலிருந்து எட்டு, மூடி போட்டு நாலு தடவை கவிழ்த்து நிமிர்த்தி, தாங்கியில் நிறுத்தினாள். ஐந்து நிமிஷம். மஞ்சளாகவே நின்றால் அமோனியா தீர்ந்துவிட்டது என்று அர்த்தம், பச்சை ஏறினால் இன்னும் இருக்கிறது. கூடத்தில் கட்டிலுக்கு எதிரே இரண்டரை அடிக் கண்ணாடித் தொட்டி இருபத்து மூன்று நாளாக மணலும் இரண்டு கல்லும் குமிழி விடும் வடிகட்டியுமாக நிற்கிறது. மீன் கிடையாது. வருகிறவர்களெல்லாம் குனிந்து பார்த்துவிட்டு, மீன் எங்கீங்க என்கிறார்கள். மீன் வருவதற்கு முன்னால் தண்ணீர் பழக வேண்டும் என்று எத்தனை பேருக்குச் சொல்வது. மீன் கழிக்கிற கழிவு அமோனியாவாகும், அது விஷம். அதைத் தின்கிற கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் வடிகட்டியின் பஞ்சில் குடியேறினால் அது வேறொன்றாக மாறும், அதுவும் விஷம்தான். அந்த இரண்டாவது விஷத்தைத் தின்ன இன்னொரு கூட்டம் வர வேண்டும். அதுவும் வந்து சேர்ந்த பிறகுதான் மீன் விடலாம். அதுவரைக்கும் மீனுக்குப் பதிலாக அவளே, நேற்று விட்டதுபோல, ஒவ்வொரு தடவையும் பதினாலு சொட்டு அமோனியா விட்டு அந்தக் கிருமிகளுக்குத் தீனி போட வேண்டும். இல்லாத மீனுக்கு இருக்கிற கழிவு. இதை அவள் கணவன் சென்னியப்பனிடம் சொன்னபோது சிரித்தான். டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

தொட்டி அவன் கேட்டதுதான். ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நடக்கிற கூடத்தில் மூலையில் ஒரு மீன் தொட்டி உண்டு. வாரம் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம், கையில் இரண்டு ஊசியோடு படுத்திருக்கிறவன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். அதுக பாட்டுக்குப் போகுது வருது, ஒரு கவலையும் இல்லீன்னு தோணுது, நம்ம வீட்லயும் ஒண்ணு வெச்சா என்ன வசந்தா என்றான். நோய் வந்ததற்குப் பிறகு அவன் தானாக ஆசைப்பட்டுக் கேட்ட முதல் பொருள். இன்றைக்குச் சனிக்கிழமை, காலை ஆறரைக்கே ஆட்டோவில் போய்விட்டான், நீ வர வேண்டாம், ஒரு நாளாச்சும் வீட்ல இரு என்று சொல்லிவிட்டு. பன்னிரண்டரைக்குள் வந்துவிடுவான். மணி பதினொன்று நாற்பது. அமோனியாப் புட்டியின் மூடியைச் சரியாகத் திருகவில்லை போல, மேஜைப் பக்கம் போனாலே மூக்கின் உள்ளே ஊசி ஏறுகிற மாதிரி அந்த வாடை. திருகி இறுக்கினாள், போகவில்லை. அந்த வாடை புட்டியிலிருந்து மட்டும் வருகிறதா என்ன. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அவன் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற பட்டறையிலிருந்து வந்து, சட்டையில் வார்னிஷ் வாடையோடு அவள் தோளுக்கு மேல் குனிந்து, சோறு ஆச்சா என்று கேட்டானே, அப்போது அவன் மூச்சில் இருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆய்வகத்தில் அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கிற புட்டி, திறந்தால் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்களே, அதே வாடை. தெரிந்த வாடை என்று மூக்குக்குத் தெரிந்தது. மூளைக்குப் போய்ச் சேரவில்லை. பல்லுதான் கெட்டுப்போச்சு என்று நினைத்துப் புதிதாக ஒரு பற்பசை வாங்கி வைத்தாள். கிராம்பு போட்டது. நாலு மாசம் அந்தக் கிராம்புப் பற்பசை. நாலு மாசம் அவன் காலையும் ராத்திரியும் சொன்ன பேச்சைக் கேட்டுப் பல் விளக்கினான், அவள் தலையணையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். கால் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு கிட்னியும் சுருங்கிப்போய்விட்டது என்றார்கள். மூச்சில் வாடை இருந்துச்சுங்களா என்று அந்தச் சின்ன டாக்டர் கேட்டபோது அவள், கவனிக்கலீங்க என்றாள். கவனிக்கலீங்க. அந்த நாலு மாசம் முன்னால் போயிருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. இருக்கலாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது.

மஞ்சள். ஐந்து நிமிஷத்துக்கு மேலேயே ஆகிவிட்டது, குழாயை வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்துப் பார்த்தாலும் மஞ்சள்தான், பச்சையின் சாயலே இல்லை. நேற்றுக் காலையில் விட்ட பதினாலு சொட்டையும் முழுசாகத் தின்று தீர்த்திருக்கின்றன. ஒரு பாதி முடிந்தது. சந்தோஷப்பட வேண்டும். அவனிடம் சொன்னால் அவன் சந்தோஷப்படுவான். இரண்டாவது சோதனைக்குக் குழாயைக் கழுவும்போது மேஜையில் இருந்த செல்போன் அதிர்ந்தது, கை உதறிக் குழாய் நழுவப் பார்த்தது. ஏதோ விளம்பரம். செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்தப் போன் அதிரும் போதெல்லாம் இப்படித்தான். செவ்வாய்க்கிழமை மூன்றாம் பீரியடில், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உப்புப் பகுப்பாய்வு செய்துகொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரியில் சிறுநீரக மாற்று அறுவைக்கு ஏற்பாடு செய்கிற பெண் கூப்பிட்டாள். ரிப்போர்ட் வந்துருச்சு மேடம், உங்க கிட்னி சாருக்கு நல்லாப் பொருந்துது, நல்ல சேதி, வீட்ல பேசிட்டுச் சொல்லுங்க, தேதி குறிச்சிரலாம். ஆமாங்க, சரிங்க என்றாள். வைத்துவிட்டாள். ஒரு பெண் பிள்ளை சோதனைக்குழாயைத் தூக்கிக் காட்டி, மிஸ் இது வெள்ளை வீழ்படிவுங்களா என்றது. ஆமாங்க என்று அந்தப் பிள்ளையிடமும் அதே குரலில் சொன்னாள். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொல்லவில்லை. புதன்கிழமை சொல்லவில்லை. வியாழக்கிழமை அவன் கட்டிலில் படுத்தபடியே, எப்பிடி இருக்குது என்று கேட்டபோது ரிப்போர்ட்டைத்தான் கேட்கிறான் என்று நினைத்தாள். எதுங்க என்றாள். தண்ணிதான், கலர் மாறுச்சா என்றான். ரிப்போர்ட் வந்ததா என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. பொருத்தம் பார்க்க அவள் ரத்தம் கொடுத்துப் பதினெட்டு நாள் ஆகிறது, கேட்கவே இல்லை. அந்தக் கேட்காமல் இருப்பதுதான் வீடு முழுக்க நிற்கிறது, கட்டிலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் நடக்க விடாமல்.

அவளிடம்தான் யார் கேட்டார்கள். சிறுநீரகம் மாற்ற வேண்டும், ரத்த சம்பந்தம் உள்ளவர்களோ பெண்டாட்டியோ கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, அவன் அண்ணன் நாச்சிமுத்து மாமா ஒருவரும் வாயைத் திறப்பதற்கு முன்னால், எனக்குச் சர்க்கரை இருக்குதுங்க டாக்டர் என்றார். அப்புறம், அதனாலென்ன, வசந்தாமணி இருக்குதே என்றார். பரண் மேல் ஒரு அண்டா இருக்கிறதே, விசேஷத்துக்கு இறக்கிக்கொள்ளலாம் என்கிற மாதிரி. எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள், தலையாட்டினார்கள், முடிந்தது. வசந்தாமணி இருக்குதே. குக்கர் விசில் அடிக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, பள்ளியில் புட்டிகளுக்குப் பேர் எழுதி ஒட்டும்போது அந்த வாக்கியம் தானாக வந்து காதில் உட்கார்ந்துகொள்கிறது. அவளும் அன்றைக்கு இல்லை என்று சொல்லவில்லையே. சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள், சம்மதம்தானோ என்னவோ. உக்கடத்தில் தொட்டி வாங்கின கடைக்காரரும் அப்படித்தான் சொன்னார். எதுக்குங்கக்கா மாசக்கணக்கா காத்துட்டு, விலை கம்மியான மீனு ரெண்டு தாறேன், முதல்ல அதை விடுங்க, அது தாங்கித் தண்ணியப் பழக்கிரும், பொறவு நல்ல மீனா வாங்கிக்கலாம். அந்த ரெண்டும் என்னாகுங்க என்று கேட்டாள். சிலது தாங்கும், சிலது போயிரும், அதுக்குத்தானுங்களே அது என்றார், குரலில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. வேண்டாமுங்க என்றாள். சத்தமாகச் சொல்லிவிட்டாள் போல, கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார், சென்னியப்பனும் பார்த்தான். மீனுக்காக வேண்டாம் என்று அவளால் சொல்ல முடிந்தது. அன்றைக்கு ஆய்வகச் சாமான் விற்கிற கடையில் அமோனியா வாங்கினாள். தான் நல்லவளாக இருந்து வாங்கினாளா, வேறு எதற்காகவோ வாங்கினாளா என்று இன்றுவரை நிச்சயமில்லை.

இரண்டாவது சோதனைக்கு ஒரே புட்டி, ஐந்து சொட்டு. ஒன்று, இரண்டு, மூன்று. இந்தத் தடவை வாய்விட்டு எண்ணினாள். குழாய்க்குள் சொட்டு விழுந்த இடத்திலேயே ஊதா கிளம்பியது. ஐந்து நிமிஷம் கழித்துத்தான் பார்க்க வேண்டும், இப்போது பார்ப்பதில் அர்த்தமில்லை, வானத்து நீலமாக மாறினால்தான் இரண்டாவது விஷமும் போனதாகக் கணக்கு. பார்க்காமல் இருக்கச் சன்னல் பக்கம் போனாள். எதிர் வீட்டு மொட்டை மாடியில் போர்வை காய்கிறது. அந்தப் பெரிய டாக்டர் அவளைத் தனியாக ஒரு அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினாரே, அந்த அறைச் சன்னலிலும் ஏதோ ஒரு போர்வை தெரிந்தது. யாராச்சும் உங்களைக் கட்டாயப்படுத்தறாங்களாம்மா. இல்லீங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, கடைசி நிமிஷம் வரைக்கும் நீங்க வேண்டாம்னு சொல்லலாம், வேண்டாம்னு சொன்னா நாங்க வீட்ல இருக்கறவங்ககிட்ட, மருத்துவ ரீதியா ஒத்து வரலைன்னு மட்டும்தான் சொல்லுவோம், காரணம் யாருக்கும் தெரியாது. அவர் நல்ல மனசோடு சொன்னார். சொல்லாமலே இருந்திருக்கலாம். வெளியே போகிற கதவு இது என்று காட்டிவிட்ட பிறகு அறைக்குள் உட்கார முடியுமா. ஒத்து வரலை. இரண்டே சொல். திங்கட்கிழமை போன் செய்து சொன்னால் போதும், அவர்களே அவனிடம் சொல்லிவிடுவார்கள். அவன் சரிங்க என்பான். நாச்சிமுத்து மாமா உச்சுக் கொட்டுவார். அவள் கண் கலங்கி நிற்க வேண்டியிருக்கும். நிற்பாள், நன்றாகவே நிற்பாள், அதை நினைக்கும்போதே தன் முகம் எப்படி இருக்கும் என்று தெரிந்தது. பிறகு எத்தனை வருஷம், ஐந்தா, பத்தா, அந்த இயந்திரத்தில் அவன் ரத்தம் வெளியே போய் உள்ளே வருவதைப் பார்த்துக்கொண்டு, அவன் தொட்டியைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு.

பயம் சாவுக்கு அல்ல. அதை அவள் பலதடவை புரட்டிப் பார்த்துவிட்டாள், சாவு அவ்வளவு பெரிதாக இல்லை. ஆபரேஷன் மேஜை. அந்தப் பச்சைத் துணி. நிவேதா பிறந்தபோது முதுகில் ஊசி போட்டார்கள், காலை அசைம்மா என்றார்கள், அசைத்தாள், பரவாயில்லை இன்னும் ரெண்டு நிமிஷம் என்றார்கள், பிறகு யாரோ தொட்டார்கள், தொட்டது இல்லை, வெட்டினார்கள், குளிர்ந்த கோடு ஒன்று வயிற்றின் குறுக்கே போய் அதன் பின்னாலேயே நெருப்பு வந்தது. தெரியுதுங்க, வலிக்குதுங்க என்றாள். கம்முனு படும்மா, எல்லாருக்கும் இப்பிடித்தான் தோணும் என்றது ஒரு குரல். முகம் தெரியவில்லை, துணி மறைத்திருந்தது. மறுபடி சொன்னாள். மறுபடியும் அதே குரல். மூன்றாம் தடவை சொல்லவில்லை. சொல்லிப் பிரயோசனம் இல்லை என்று தெரிந்ததும் மேலே இருந்த விளக்கில் எத்தனை பல்பு என்று எண்ண ஆரம்பித்தாள். ஏழு. வெளியே வந்து சொன்னபோது அம்மா, பிள்ளை பெத்தா வலிக்காமயா என்றாள். சென்னியப்பன் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான், அவனிடம் சொல்ல இடமே இல்லை. இருபது வருஷம் ஆகிறது. அந்தக் குழந்தை இப்போது திருச்சியில் இன்ஜினியரிங் படிக்கிறது. முந்தாநாள் போனில், உங்களுக்கு ஒத்து வரலைன்னா நான் குடுக்கறேன்மா, எனக்கு வயசு இருக்குது, சீக்கிரம் தேறிருவேன் என்றது, ஏதோ பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிற மாதிரி. ஒத்து வரலை என்று அவள் சொன்னால் அடுத்தது அதுதான். அந்த மேஜையில் அந்தப் பிள்ளை. அப்படியானால் கொடுக்கப் போகிறாள், வேறு வழி இல்லை, அப்படித்தானே. வேறு வழி இல்லாமல் கொடுப்பதற்கும் பரணிலிருந்து இறக்கிக் கொடுப்பதற்கும் என்ன வித்தியாசம். இங்கே வந்துதான் நினைப்பு ஒவ்வொரு தடவையும் சிக்கிக்கொள்கிறது, சுற்றி வந்து மறுபடி இதே இடத்தில்.

ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது, குழாயை எடுத்துப் பார்த்தாள், ஊதாவேதான். வாசலில் ஆட்டோ நின்றது. கேட் திறக்கும் சத்தம், அவன் செருப்பைக் கழற்றும் சத்தம், இரண்டுக்கும் நடுவில் அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நேரம். சென்னியப்பன் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தான். ஊசி குத்தின இடது கையில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. முகம் துவைத்துப் பிழிந்த துணி மாதிரி வெளுத்திருந்தது.

"என்ன கலரு வந்துச்சு?"

"ஊதாதானுங்க. அமோனியா முழுசாப் போயிருச்சு. ரெண்டாவதுதான் இன்னும் இருக்குது."

"எத்தனை நாளாகும்?"

"தெரியலீங்க. பத்து நாளும் ஆகும்."

அவன் தலையாட்டினான். அவள் அவன் பக்கம் திரும்பாமல், குழாயைக் கையிலேயே வைத்துக்கொண்டு தொட்டியைப் பார்த்தபடி, "ரிப்போர்ட்டு செவ்வாக்கெழமையே வந்துருச்சுங்க" என்றாள். அந்த வாக்கியம் வெளியே வந்துவிட்டதை அவளாலேயே நம்ப முடியவில்லை. நின்றால் அடைத்துக்கொள்ளும் என்று தோன்றியது, நிற்காமல் சொன்னாள். "பொருந்துதாம். உங்ககிட்டச் சொல்லலை. ஒத்து வரலைன்னு டாக்டரையே உங்ககிட்டச் சொல்லச் சொல்லலாம்னு இருந்தேன். குடுக்கறவங்க கேட்டா அப்பிடிச் சொல்லுவாங்களாம்."

வடிகட்டி குமிழி விட்டுக்கொண்டிருந்தது. கத்துவான் என்று அவள் நினைக்கவில்லை, அழுவான் என்று நினைத்தாள். அவன் இரண்டும் செய்யவில்லை. கொஞ்சம் தண்ணி குடு என்றான். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளவு உண்டு, அரை டம்ளர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தொடை மேல் வைத்துக்கொண்டான்.

"அண்ணன் அன்னைக்கு ஆஸ்பத்திரில சொன்னாரல்ல, நீ இருக்கறயேன்னு. நான் கேட்டுட்டுத்தான் இருந்தேன். அதை அவ சொல்லோணும், நீங்க எப்பிடிச் சொல்றீங்கன்னு அப்பவே நான் கேட்டிருக்கோணும். கேக்கலை." டம்ளரின் விளிம்பை விரலால் தடவினான். "மறந்து விட்டதில்லை வசந்தா. எனக்கு அது சௌகரியமா இருந்துச்சு."

அவளுக்கு இரக்கம் வரவில்லை. நெஞ்சுக்குள் சூடாக ஒன்று ஏறியது, கோபம்தான், இவ்வளவு நாள் எங்கே இருந்தது என்று தெரியாத கோபம். அதுவே தெம்பாகவும் இருந்தது. குழாயைத் தாங்கியில் வைத்துவிட்டு அவனுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"திங்கக்கெழமை நானே டாக்டர்கிட்டச் சொல்லிர்றேன், வேண்டாம்னு" என்றான் அவன். "டயாலிசிஸ்லயே எத்தனையோ பேரு வருசக்கணக்கா இருக்கறாங்க."

"அது நீங்க முடிவு பண்றதில்லீங்க. உங்க அண்ணனும் இல்லை."

"சரி."

"கேளுங்க."

"என்ன கேக்க?"

"அன்னைக்குக் கேக்காததை."

அவன் டம்ளரைப் பார்த்துக்கொண்டு என்னவோ முணுமுணுத்தான். "என்னையப் பாத்துக் கேளுங்க" என்றாள். அவன் நிமிர்ந்தான். உதடு காய்ந்து ஒட்டியிருந்தது, பிரித்துப் பேச வேண்டியிருந்தது.

"வசந்தா, உன்ற கிட்னில ஒண்ணு எனக்குக் குடுக்கறயா?"

கேட்டுவிட்டுப் பார்வையை இறக்கவில்லை. அவள் மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தாள், உள்ளுக்குள்தான். சொன்னால் இவன் சரி என்பான். நிவேதாவிடம் உறுதியாகப் பேசி அவளையும் தடுப்பான். கூரை இருந்த இடத்திலேயே இருக்கும், நாளை மறுநாள் ஆட்டோ வரும், இவன் போவான். அதுவும் ஒரு வாழ்க்கைதான், அதையும் வாழலாம். அந்தப் பக்கம் முழுசாகப் போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். அவன் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொருக்கா கேளுங்க" என்றாள்.

அவன் இன்னொரு தடவை கேட்டான். அதே சொற்கள்தான், குரல் மட்டும் பாதியில் உடைந்தது.

"பயமா இருக்குதுங்க. நெம்பப் பயமா இருக்குது" என்றாள். "குடுக்கறேன்."

அவன் ஊசி குத்தாத கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள். விரல்கள் குளிர்ந்திருந்தன. நிவேதா பிறந்த அன்றைக்கு நடந்ததை அவள் சொல்ல ஆரம்பித்தாள். பச்சைத் துணி, குளிர்ந்த கோடு, மூன்றாம் தடவை சொல்லாமல் விட்டது. அவன் குறுக்கே பேசவில்லை. அட, இதை ஏன் இத்தனை நாள் சொல்லலை என்றும் கேட்கவில்லை. விளக்கில் ஏழு பல்பு என்று அவள் சொன்னபோது கையை ஒரு தடவை இறுக்கினான். டயாலிசிஸ் முடிந்து வந்தால் எப்போதும் வருகிற அசதி அவனை அமுக்கியது, கண் தானாக மூடியது, மூடினதைத் திறந்து திறந்து கேட்டான். கடைசியில் அப்படியே சாய்ந்து தூங்கிப்போனான்.

பயம் போகவில்லை. ஸ்டூலில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. ஆனால் இப்போது அது அவளுடைய பயம், அவளிடம் கேட்டுக்கொண்டு வந்த பயம். அவன் கையை மெதுவாகக் கட்டிலில் வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்க் கதவைப் பாதி சாத்தினாள். இரண்டாவது மணியிலேயே அந்த ஆஸ்பத்திரிப் பெண் எடுத்தாள்.

"வசந்தாமணி பேசறனுங்க. திங்கக்கெழமை டாக்டரப் பாக்கோணும். மயக்க மருந்து குடுக்கற டாக்டரும் இருக்கோணும்."

"பாத்துரலாம் மேடம். பத்து நிமிஷம் ஒதுக்கச் சொல்றேன்."

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பத்து நிமிஷம் பத்தாதுங்க" என்றாள். "எனக்கு ஒரு மணி நேரம் வேணும்."